வேகமாகப் போனால் தோல்வி!
பழைய பந்தயக் கார்களின் ஆயிரம் மைல் பயணம்

இத்தாலியில் பிரெஷியா என்று ஒரு நகரம். நாட்டின் வட பகுதியில் இருக்கிறது. துப்பாக்கி செய்வதில் பெயர் பெற்ற வட்டாரம் அது.

ஆண்டுக்கு ஒரு முறை அந்த நகரத்துக்குக் கார்கள் வந்து கூடுகின்றன. பத்து இருபது அல்ல. நானூறு கார்கள்! எல்லாம் பழைய கார்கள். புத்தம் புதுக் கார் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் இந்தக் கூட்டத்தில் அதற்கு இடம் கிடையாது.

சில கார்கள் லாரியில் ஏறி வருகின்றன. கடல் கடந்து கப்பலில் வருகிற கார்களும் உண்டு. இன்னும் சில, அண்டை நாடுகளிலிருந்து மலை தாண்டி, தாமாகவே ஓடி வந்து நிற்கின்றன.

சிவப்புக் கார் என்றால் இத்தாலியக் கார். பச்சை என்றால் இங்கிலாந்து. நீலம் பிரெஞ்சு தேசம். வெள்ளையும் வெள்ளி நிறமும் ஜெர்மனி. அந்தக் காலத்துப் பந்தய வழக்கம் அது. நிறத்தைப் பார்த்தே காரின் ஊரைச் சொல்லி விடலாம்.

இவை கூடுவது வேடிக்கை காட்டி நிற்பதற்காக அல்ல. பிரெஷியாவிலிருந்து தலைநகரமான ரோமுக்குப் போய், மீண்டும் பிரெஷியாவுக்கே திரும்பி வருவதற்காக! ஏறக்குறைய ஆயிரம் மைல் பயணம். அதன் பெயரும் அதுதான். "மில்லே மீலியா" என்கிறார்கள். இத்தாலிய மொழியில் "ஆயிரம் மைல்" என்று பொருள்.

ஒரு காலத்தில் காற்றாகப் பறந்த கார்கள் இவை. ஆனால் இன்று முந்திப் போகிறவருக்குப் பரிசு கிடையாது. வேகமாகப் போனால் தோல்வி!

ஏன் இப்படி ஒரு விதி? அதற்குப் பின்னால் கண்ணீர்க் கதை ஒன்று இருக்கிறது.

ரோஷத்தில் பிறந்தது

1921-ம் ஆண்டில் இத்தாலியின் பெரிய கார் பந்தயம் முதல் தடவையாக நடந்தது. நடந்த இடம் பிரெஷியாவுக்குப் பக்கத்தில். மறு ஆண்டே அந்தப் பந்தயம் கைவிட்டுப் போய்விட்டது. மிலான் நகருக்கு அருகில் மோன்சா என்ற ஊரில் புதிய பந்தய மைதானம் கட்டி, அங்கே கொண்டு போய் விட்டார்கள்.

பிரெஷியாக்காரர்களுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

நான்கு நண்பர்கள் உட்கார்ந்து யோசித்தார்கள். மாஜி, மசோட்டி என்ற இருவர் பிரபுக்கள். காஸ்டனெட்டோ பந்தயங்களை ஏற்பாடு செய்கிறவர். கனெஸ்ட்ரீனி பத்திரிகைக்காரர்.

"மைதானம் இல்லாவிட்டால் என்ன? நாட்டுச் சாலையே நமக்கு மைதானம்" என்பது அவர்கள் கண்ட வழி. பிரெஷியாவிலிருந்து ரோமுக்குப் போய்த் திரும்ப வேண்டும். யார் முதலில் வருகிறாரோ அவருக்கு வெற்றி.

1927 மார்ச் 26-ந்தேதி முதல் பந்தயம் நடந்தது. நுழைவுக் கட்டணம் ஒரே ஒரு லீரா. 77 கார்கள் புறப்பட்டன. அப்போது சாலை என்றால் தூசியும் கூழாங்கல்லும்தான்.

மினோயா, மொராண்டி என்ற இருவர் 21 மணி 4 நிமிடம் 48 வினாடியில் திரும்பி வந்து வெற்றி பெற்றார்கள். அவர்கள் ஓட்டியது "ஓ.எம்." என்ற கார். அது எங்கே செய்யப்பட்டது தெரியுமா? அதே பிரெஷியாவில்! இரண்டாவது, மூன்றாவது இடமும் "ஓ.எம்." கார்களுக்கே கிடைத்தன. ஊரார் மனம் குளிர்ந்தது.

அது முதல் 1957 வரை 24 தடவை இந்தப் பந்தயம் நடந்தது. இந்த முப்பது ஆண்டுப் பந்தயத்துக்கு வந்த கார்களும் அவற்றின் இனத்தைச் சேர்ந்த கார்களும்தான் இன்றைய பயணத்தில் கலந்து கொள்ளலாம். ஒரு லீராக் கட்டணம் பழங்கதை ஆகிவிட்டது. இப்போது ஆயிரக்கணக்கான யூரோ கட்ட வேண்டும்.

முட்டைக் காரும் கோடிக் காரும்

புறப்படுவதற்கு முன்பு கார்களைச் சோதிக்கிறார்கள். தஸ்தாவேஜுகளைப் புரட்டிப் பார்க்கிறார்கள். பழைய கார் என்று சொல்லிப் புதிய காரைப் புகுத்திவிடக் கூடாது அல்லவா? எல்லாம் சரியாக இருந்தால் ஈய முத்திரை வைக்கிறார்கள்.

கூட்டத்தில் எல்லா ஜாதிக் கார்களும் இருக்கின்றன. "இசெட்டா" என்று ஒரு கார். பார்த்தால் முட்டை மாதிரி இருக்கும். பக்கத்தில் கதவு கிடையாது. மூக்கைத் திறந்து கொண்டுதான் உள்ளே போக வேண்டும்! இந்தக் குட்டிக் காரும் 1954-ல் பந்தயத்தில் ஓடியிருக்கிறது.

மறுபக்கம் பெராரிக் கார்கள். 1957-ம் ஆண்டுப் பந்தயத்தில் ஓடிய ஒரு பெராரிக் கார், 2016-ல் பாரீஸ் நகரில் ஏலத்துக்கு வந்தது. 3 கோடியே 20 லட்சம் யூரோவுக்கு மேல் விலை போயிற்று! விலை மதிப்பில் இதற்குத் தம்பி தங்கையான கார்களைத்தான் மழையிலும் சேற்றிலும் ஆயிரம் மைல் ஓட்டுகிறார்கள். கண்ணாடி அறையில் பூட்டி வைத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். அப்படிப் பூட்டி வைக்கிறவர்களும் உண்டு. ஆனால் ஓடாத பந்தயக் காரைப் பார்க்க எந்தக் குழந்தையும் தெருவுக்கு ஓடி வராது.

அகன்ற வீதி ஒன்றில் மேடை போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு காராக மேடை ஏறுகிறது. கொடி அசைகிறது. சரிவில் இறங்கி ஓடுகிறது. அடுத்த கார் ஏறுகிறது. நானூறு கார்களும் இறங்கி முடிய மணிக்கணக்கில் ஆகிறது. ஜனங்கள் நகருவதில்லை.

இந்தக் கார்களை ஓட்டுவது சுலபம் என்று எண்ண வேண்டாம். ஸ்டியரிங்கைத் திருப்பத் தோள் வலிக்கும். கியர் மாற்ற இரண்டு தடவை கிளட்ச் மிதிக்க வேண்டும். மிகப் பழைய கார்கள் பலவற்றில் ஆக்சிலரேட்டர் நடுவில் இருக்கும். பிரேக் வலது ஓரத்தில் இருக்கும். பழக்கமில்லாதவர் பதற்றத்தில் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் என்ன ஆகும்? நினைக்கவே பயமாக இருக்கிறது. பல கார்களுக்கு மேற்கூரை கிடையாது. மழை பெய்தால் நனைய வேண்டியதுதான்.

ரோமில் முந்தினால்...

வழி நெடுகிலும் கிராமங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக நின்று கொடி ஆட்டுகிறார்கள். கொடியில் சிவப்பு அம்பு ஒன்று வரைந்திருக்கிறது. அதுதான் பந்தயத்தின் சின்னம். பாட்டிமார் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சிறு வயதில் அதே வாசலில் பந்தயத்தைப் பார்த்தவர்களும் அவர்களில் உண்டு.

ரோம் பாதி வழி. அந்தக் காலத்தில் ஓட்டுகிறவர்களிடையே ஒரு நம்பிக்கை இருந்தது. "ரோமுக்கு முதலில் வருகிறவர் பிரெஷியாவில் ஜெயிக்க மாட்டார்" என்பார்கள்.

அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கியவர் ஸ்டர்லிங் மாஸ் என்ற 25 வயது ஆங்கிலேய வாலிபர். 1955 மே 1-ந்தேதி அவர் மெர்சிடிஸ் காரில் புறப்பட்டார். காரின் எண் 722. காலை 7 மணி 22 நிமிடத்துக்குப் புறப்பட்ட கார் என்று அதற்கு அர்த்தம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஜென்கின்சன் என்ற பத்திரிகைக்காரர். குள்ளமான உருவம். முகம் நிறையத் தாடி.

இருவரும் முன்கூட்டியே அந்த வழியில் பல தடவை போய் வந்திருந்தார்கள். எந்தத் திருப்பம் கொடியது, எந்த மேட்டுக்கு அப்பால் சாலை நேராக இருக்கிறது என்று எல்லாவற்றையும் ஜென்கின்சன் எழுதி வைத்தார். எழுதிய காகிதத்தின் நீளம் சுமார் 18 அடி! அதைச் சுருட்டி ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்தார். பெட்டியில் ஒரு கண்ணாடி ஜன்னல். குமிழைத் திருகத் திருகக் காகிதம் நகரும்.

காரின் இரைச்சலில் பேசினால் காது கேட்காது. ஆகையால் கை ஜாடை வைத்துக் கொண்டார்கள். மேட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று மாஸின் கண்ணுக்குத் தெரியாது. ஜென்கின்சன் கை காட்டுவார். மாஸ் காலை எடுக்காமல் மேட்டின் மீது பாய்வார். சில இடங்களில் வேகம் மணிக்கு 170 மைல்!

நடுவழியில் ஜென்கின்சனுக்குக் குமட்டியது. தலையை வெளியே நீட்டினார். காற்று அவருடைய மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிக் கொண்டு போய்விட்டது. நல்ல வேளை, இன்னொரு கண்ணாடி கையில் வைத்திருந்தார். இல்லாவிட்டால் 18 அடிக் காகிதமும் வீண்!

ரோமில் அவர்கள்தான் முதல். பிரெஷியாவிலும் அவர்கள்தான் முதல். 10 மணி 7 நிமிடம் 48 வினாடி. அந்தச் சாதனையை அதற்குப் பிறகு யாரும் முறியடிக்கவில்லை. முறியடிக்க அவகாசமும் இல்லை.

பானெட் இல்லாத கார்

ரோமிலிருந்து திரும்பும் வழியில் மலை குறுக்கிடுகிறது. பிளாரன்சுக்கும் போலோனாவுக்கும் நடுவே பூட்டா, ராட்டிகோசா என்று இரண்டு கணவாய்கள். வளைந்து வளைந்து ஏறும் பாதை. இங்கேதான் கிழட்டுக் கார்கள் மூச்சு வாங்கும். ரேடியேட்டரில் தண்ணீர் கொதிக்கும். ஓரமாக நிறுத்தி ஆற விடுவார்கள்.

மலை இறங்கினால் சமவெளி. இந்தச் சமவெளியில் நுவோலாரி என்ற பெயரைச் சொன்னால் கிழவர்களின் கண் கலங்கும்.

மாந்துவா நகருக்குப் பக்கத்தில் பிறந்தவர் நுவோலாரி. மெலிந்த உடம்பு. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்தால் புயல். 1930-ம் ஆண்டு இரவு நேரத்தில் முன் விளக்கை அணைத்துவிட்டு, எதிராளி வார்சிக்குத் தெரியாமல் பின்னால் வந்து முந்தினார் என்று ஒரு கதை சொல்லுவார்கள். கட்டுக்கதை என்பவர்களும் உண்டு. ஆனால் அந்த ஆண்டு அவர் வெற்றி பெற்றது உண்மை.

பிற்காலம் அவருக்குச் சோகமாக அமைந்தது. இரண்டு பிள்ளைகள். மூத்தவன் 1937-ல் இறந்தான். இளையவன் 1946-ல் இறந்தான். இறக்கும்போது இருவருக்கும் வயது 18. நுவோலாரிக்கே மார்பு நோய். வருஷக்கணக்கில் பெட்ரோல் புகையைச் சுவாசித்ததன் பலன்.

1948-ல் அவருக்கு வயது 55. அந்த உடம்போடு பந்தயத்துக்கு வந்தார். கடைசி நேரத்தில் ஒரு பெராரிக் கார் கிடைத்தது. ஏறிக் கொண்டார்.

ஓட ஓடக் கார் கழன்றது! ஒரு மட்கார்டு போயிற்று. பானெட் பறந்து போயிற்று. உட்கார்ந்திருந்த ஆசனமும் ஆட்டம் கண்டது. கிழவர் நிறுத்தவில்லை. எஞ்சின் வெளியே தெரிய, எல்லோரையும் வெகு தூரம் பின்னால் விட்டுவிட்டுப் பறந்தார்.

வானொலியில் செய்தி கேட்டு ஜனங்கள் சாலைக்கு ஓடி வந்தார்கள். இந்த நோயாளிதான் ஜெயிக்கப் போகிறார் என்று நாடே காத்திருந்தது. ரெஜியோ எமிலியா என்ற ஊர் அருகே ஸ்பிரிங் பகுதி உடைந்தது. கார் நின்றுவிட்டது. வெற்றி பியோன்டெட்டி என்பவருக்குப் போயிற்று. ஆனால் அந்த ஆண்டை நினைத்தால் இத்தாலியர்கள் நுவோலாரியைத்தான் நினைக்கிறார்கள்.

1953-ல் நுவோலாரி காலமானார். அவருக்கு மரியாதை செய்வதற்காக 1954 முதல் பந்தய வழியையே மாற்றினார்கள். மாந்துவா நகர் வழியாக வரும்படி செய்தார்கள். அந்தப் பகுதியில் மிக வேகமாக ஓட்டுகிறவருக்கு நுவோலாரி பெயரில் தனிப் பரிசும் வைத்தார்கள்.

மாந்துவாவிலிருந்து பிரெஷியாவுக்கு வரும் சாலை கோடு போட்டது போல நேரானது. இரு புறமும் வயல். எவ்வளவு வேகம் வேண்டுமானாலும் போகலாம்.

அங்கேதான் வினை காத்திருந்தது.

1957 மே 12

போர்ட்டாகோ என்பவர் ஸ்பெயின் தேசத்துப் பிரபு. 28 வயது. அழகர். துணிச்சல்காரர். 1956-ம் ஆண்டு ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு வண்டி ஓட்டியவர். அந்த ஆண்டு ஆயிரம் மைல் பந்தயத்தில், உடல்நலமில்லாத வேறொருவருக்குப் பதிலாகப் பெராரிக் காரில் ஏறினார். கூட வந்தவர் நெல்சன் என்ற அமெரிக்க நண்பர்.

ரோமில் ஒரு நிமிடம் நிறுத்தினார். லிண்டா கிறிஸ்டியன் என்ற சினிமா நடிகை அங்கே காத்திருந்தார். ஓடி வந்து முத்தமிட்டார். அந்தப் படம் மறுநாள் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வெளியாயிற்று. படம் அச்சாகும்போது போர்ட்டாகோ உயிரோடு இல்லை.

மாந்துவா தாண்டியாயிற்று. குயிடிசோலோ என்ற சிற்றூரை நெருங்கிக் கொண்டிருந்தார். நேர்ச் சாலை. இரண்டு பக்கமும் ஜனங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் பிள்ளை குட்டிகளோடு வந்து நின்றார்கள்.

டயர் வெடித்தது.

கார் சாலையை விட்டுப் பாய்ந்து கூட்டத்தில் விழுந்தது. போர்ட்டாகோ இறந்தார். நெல்சன் இறந்தார். வேடிக்கை பார்த்தவர்கள் 9 பேர் இறந்தார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள்.

இது முதல் விபத்து அல்ல. 1938-ல் போலோனா நகரிலும் ஒரு கார் கூட்டத்தில் பாய்ந்தது. 10 பேர் மாண்டார்கள். அவர்களில் 7 பேர் குழந்தைகள். அப்போதும் பந்தயத்தைத் தடை செய்தார்கள். பிறகு தடை தளர்ந்தது. ஜனங்கள் மறந்தார்கள்.

காரில் ஏறியவர் ஆபத்தைத் தெரிந்துதான் ஏறினார். சாலை ஓரத்தில் அப்பாவின் கையைப் பிடித்துக் கொண்டு நின்ற குழந்தைக்கு யார் சொன்னார்கள்? மணிக்கு 150 மைல் வேகத்தில் வருகிற காருக்கும் அந்தக் குழந்தைக்கும் நடுவே ஒரு வேலிகூட இல்லை.

அந்த ஆண்டு வெற்றி பெற்றவர் டாரூபி என்ற 50 வயது இத்தாலியர். "ஒரு தடவை ஜெயித்துவிட்டால் பந்தயத்தை விட்டுவிடுகிறேன்" என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தாராம். பல ஆண்டு முயன்று, அன்றுதான் ஜெயித்தார். வாக்கைக் காப்பாற்றினார்.

சில நாட்களில் அரசாங்கம் சாலைப் பந்தயத்துக்குத் தடை போட்டது. காரைத் தயாரித்த என்ஸோ பெராரி மீது வழக்குத் தொடர்ந்தார்கள். 1961-ல் அவர் குற்றமற்றவர் என்று விடுதலை ஆனார்.

ஒரு கை அகலம்

ஐம்பதாவது ஆண்டு நினைவாக 1977-ல் பழைய கார்களை மீண்டும் அந்தச் சாலைக்குக் கொண்டு வந்தார்கள். 1987 முதல் இது ஆண்டு விழா ஆகிவிட்டது. ஆனால் இப்போது இது வேகப் பந்தயம் அல்ல. நேரப் பந்தயம்.

அது எப்படி?

சாலைக்குக் குறுக்கே மெல்லிய ரப்பர் குழாயைப் போட்டிருப்பார்கள். முன் சக்கரம் அதில் ஏறியதும் கடிகாரம் ஓடத் தொடங்கும். கொஞ்ச தூரத்தில் இன்னொரு குழாய். "இந்தத் தூரத்தை இத்தனை வினாடியில் கடக்க வேண்டும்" என்று சீட்டுக் கொடுத்திருப்பார்கள். முன்னால் வந்தாலும் குற்றம். பின்னால் வந்தாலும் குற்றம்.

கணக்கு வினாடியில் அல்ல. வினாடியில் நூறில் ஒரு பங்கில்!

மணிக்கு 36 கிலோ மீட்டர் வேகத்தில் போகிற கார், நூறில் ஒரு பங்கு வினாடியில் 10 சென்டிமீட்டர்தான் நகரும். கை அகலம்! அந்தக் கை அகலத்தில்தான் வெற்றியும் தோல்வியும் இருக்கிறது.

பக்கத்தில் உட்கார்ந்தவர் கடிகாரத்தைப் பார்த்து "ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று" என்று எண்ணுவார். "பூஜ்யம்" என்று சொல்லும்போது சக்கரம் குழாயின் மேல் இருக்க வேண்டும். கணவன் ஓட்ட, மனைவி எண்ணுகிற கார்களும் உண்டு. எண்ணுவதில் தப்பு வந்தால் அன்று இரவுச் சாப்பாடு எப்படி இருக்கும் என்று கேட்க வேண்டியதில்லை.

காருக்கு வயது கூடக் கூட மதிப்பெண்ணில் சலுகை கிடைக்கும். 2020-ல் வெஸ்கோ என்ற தந்தையும் மகனும் சேர்ந்து வெற்றி பெற்றார்கள். அவர்களுடைய ஆல்பா ரோமியோ 1929-ம் ஆண்டில் செய்யப்பட்ட கார். 91 வயதுக் கார், தன்னைவிட இளைய கார்களை எல்லாம் தோற்கடித்தது!

மற்ற இடங்களில் இவர்கள் சாதாரண ஜனங்களைப் போலத்தான் போக வேண்டும். சாலை மூடப்படுவதில்லை. எதிரே பால் வண்டி வரும். பஸ் வரும். சாலை விதி எல்லோருக்கும் ஒன்றுதான்.

குயிடிசோலோ அருகே அந்தச் சாலை ஓரத்தில் ஒரு நினைவுக்கல் நிற்கிறது. இறந்தவர்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. வயல்களுக்கு நடுவே, சுற்றிலும் வேறொன்றும் இல்லாத இடம்.

கடைசி நாள். கார்கள் பிரெஷியாவுக்குத் திரும்புகின்றன. புறப்பட்ட அதே மேடை. சேறு அப்பிய கார்கள். தூக்கமில்லாத முகங்கள். மேடை ஏறி இறங்கினால் பயணம் முடிந்தது. வழியில் நின்றுபோன கார்கள் லாரியின் முதுகில் வந்து சேருகின்றன. அவற்றுக்கும் ஜனங்கள் கை தட்டுகிறார்கள்.

மறுநாள் கப்பலுக்குப் போக வேண்டிய கார்கள் கப்பலுக்குப் போகின்றன. சிலர் மட்டும் அதே காரில் ஏறி, மலை தாண்டிச் சொந்த ஊருக்குப் புறப்படுகிறார்கள். அந்தப் பயணத்தில் பக்கத்தில் இருப்பவர் "ஐந்து, நான்கு, மூன்று" என்று எண்ணுவதில்லை.